தண்டவாளத்தின் படம் யாருக்குச் சொந்தம்?

நியூயார்க் பாதாள ரயிலைப் பற்றி எழுத வந்தால் முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு வாயெல்லாம் பெருமை. 472 நிலையங்கள், இரவு பகல் ஓயாத ஓட்டம், நாள்தோறும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள்! "முதலாளிகளின் துணிச்சலைப் பாரீர், இஞ்சினீயர்களின் மூளையைப் பாரீர்" என்று அவர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். ஆதாரமாக ஒரு வர்ணப் படத்தையும் எடுத்து நீட்டுகிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கோடுகள் ஓடும் படம். நிலையச் சுவர்களில் மாட்டியிருப்பதும் அதுதான்.

அந்தப் படத்தில் எல்லாம் இருக்கிறது. தண்டவாளம் மட்டும் இல்லை!

ஒரு நிறக் கோடு என்றால் அதன் அடியில் இரண்டு தண்டவாளப் பாதையா, மூன்றா, நான்கா? வண்டி எங்கே பாதை மாறுகிறது? எந்தப் பாதை முட்டுச்சுவரில் போய் நிற்கிறது? எங்கே வளைவு, எங்கே இறக்கம்? வர்ணப் படம் வாய் திறக்காது. இவற்றையெல்லாம் சொல்கிற இன்னொரு படம் உண்டு. அதுதான் தண்டவாளப் படம். டிரைவரும், சிக்னல் தொழிலாளியும், பாதையில் நடந்து போல்ட்டு முடுக்குகிற கேங்மேனும் அறிந்த படம். பயணிகள் வண்டி ஓடும் தண்டவாளம் மட்டும் 660 மைலுக்கு மேல். ஷெட்டுகளையும் சேர்த்தால் 800 மைலுக்கு மேல். அத்தனையும் அதில் அடங்கும்.

முதல் படம் ஊரை மயக்குவதற்கு உதவுகிறது. இரண்டாவது படம் சாட்சி சொல்கிறது. யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

படத்தைப் படிக்கும் வகை

கிராமத்துத் தோழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. வயலுக்குப் பட்டா யார் பெயரில் இருந்தாலும், எந்த மடையைத் திறந்தால் எந்த வாய்க்காலில் நீர் ஏறும், எந்தக் கரை மண் இளகியிருக்கிறது என்பது நீர் பாய்ச்சுகிறவனுக்குத்தான் தெரியும். ஆலைத் தோழர்களுக்கும் அப்படியே. எந்த ரிங் பிரேம் எந்த நேரத்தில் மக்கர் செய்யும் என்பது மானேஜர் மேஜையில் இருக்கும் பைலில் இல்லை. அதை ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது.

நியூயார்க்கின் பாதாளத்திலும் இதே கதைதான். நிலம் அளக்கிற சங்கிலி 66 அடி என்பது நமக்குத் தெரியும். அங்கே தண்டவாளம் அளக்கிற சங்கிலி 100 அடி. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தொடக்கப் புள்ளி; அங்கிருந்து நூறு நூறு அடியாகக் கணக்கு. லைனுக்கு ஓர் எழுத்து, தண்டவாளத்துக்கு ஓர் எண், பிறகு சங்கிலிக் கணக்கு. சிக்னல் கம்பத்தில் இருக்கும் சிறு தகட்டைப் பார்த்ததும் தொழிலாளி தான் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுவார். மேலே எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்பது அவருக்கு வேண்டியதில்லை. இருட்டில் அவருக்கு முகவரி அந்தத் தகடு.

இந்த எண்களிலேயே ஒரு வேடிக்கை உண்டு. நான்கு தண்டவாளம் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். ஐ.ஆர்.டி. என்ற பழைய கம்பெனியின் லைன்களில் அவை வரிசையாக 1, 2, 3, 4. மற்ற லைன்களில் அதே நான்கும் 1, 3, 4, 2 என்று நிற்கும். ஒரே நகரம், ஒரே ரயில், இரண்டு கணக்கு! இது ஏன்?

இரண்டு கம்பெனி, இரண்டு அகலம்

முதல் பாதாள ரயில் 1904 அக்டோபர் 27 அன்று திறக்கப்பட்டது. பணம் போட்டது நகராட்சி, அதாவது மக்கள். ஓட்டி லாபம் பார்த்தது ஐ.ஆர்.டி. என்ற தனியார் கம்பெனி. உயிர் கொடுத்தது யார்? சுரங்கம் வெட்டிய தொழிலாளர்கள். 1903 அக்டோபரில் ஃபோர்ட் ஜார்ஜ் சுரங்கத்தில் பாறை சரிந்து 10 தொழிலாளர்கள் மாண்டனர். வர்ணப் படத்தில் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

1913-ல் நகராட்சி இரண்டு கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. ஒன்று ஐ.ஆர்.டி.; மற்றொன்று புரூக்ளின் பகுதியில் ஆதிக்கம் செலுத்திய பி.ஆர்.டி. ஒரே நகரத்தின் போக்குவரத்தைக் கறிவேப்பிலைக் கொத்துப் போலக் கிள்ளி இரண்டு பேர் கையில் கொடுத்தார்கள். ஐ.ஆர்.டி.யின் பெட்டி ஏறத்தாழ 8 அடி 9 அங்குல அகலம். அடுத்தவன் பெட்டி 10 அடி அகலம். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் இரண்டுக்கும் ஒன்றே: 4 அடி 8½ அங்குலம். ஆகவே சக்கரம் ஒத்துப்போகும், உடம்பு ஒத்துப்போகாது. அகலப் பெட்டி குறுகல் சுரங்கத்தில் நுழையாது. குறுகல் பெட்டி அகலப் பாதையில் வந்து நின்றால், பிளாட்பாரத்துக்கும் வாசலுக்கும் நடுவே பள்ளம்.

1940 ஜூன் மாதத்தில் நகராட்சி இரண்டு தனியார் கம்பெனிகளையும் விலைக்கு வாங்கியது. அதற்குள் பி.ஆர்.டி. என்பது பி.எம்.டி. என்று பெயர் மாறியிருந்தது. கம்பெனிகள் போயின, அவர்கள் போட்ட வேலி போகவில்லை. குவீன்ஸ் பகுதியில் இரண்டு கம்பெனி வண்டிகளும் சேர்ந்து ஓடிய அஸ்டோரியா லைன் இருந்தது. அதில் அகலப் பெட்டிகள் ஓடுவதற்காக 1949-ல் பிளாட்பார விளிம்புகளைச் செதுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்த நகரத்தில் இரண்டு வகைப் பெட்டிகள், இரண்டு பிரிவுகள். ஒன்றில் கூட்டம் நசுங்கினால் மற்றதிலிருந்து வண்டியை அனுப்பிச் சமாளிக்க வழியில்லை. நூறாண்டுக்கு முன் இரண்டு முதலாளிகள் போட்ட போட்டிக்கு இன்றைய தொழிலாளியின் பேரன் நெரிசலில் நின்று வட்டி கட்டுகிறான்!

தண்டவாளப் படத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இரு பிரிவுக்கும் நடுவே ஆங்காங்கே இணைப்புத் தண்டவாளங்கள் இருக்கின்றன. பயணிகள் வண்டி அவ்வழியே போகாது. பழுது பார்க்கும் வண்டி போகும். அது பெரும்பாலும் குறுகல் அளவில் கட்டப்பட்டது. ஆகவே எங்கும் நுழையும். முதலாளிகள் இரண்டாகப் பிளந்த நகரத்தை உழைப்பாளியின் வண்டிதான் ஒன்றாகக் கோத்துக்கொண்டிருக்கிறது.

"தனியார் போட்டி இருந்தால்தான் மக்களுக்கு நன்மை" என்று இன்றும் சிலர் நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும்.

1918 நவம்பர் 1

இனி, தண்டவாளம் அறிந்தவனை ஒதுக்கிவிட்டு வண்டி ஓட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். இது கற்பனையல்ல. நியூயார்க் பாதாள ரயிலின் வரலாற்றிலேயே கொடிய நாளின் கதை.

1918-ல் பி.ஆர்.டி. கம்பெனி, சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக டிரைவர்களை வேலையிலிருந்து விரட்டியது. அது உலக யுத்த காலம். தொழில் தகராறுகளை விசாரிக்க அமெரிக்க சர்க்கார் ஒரு வாரியம் வைத்திருந்தது. விரட்டப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள் என்று அந்த வாரியமே சொல்லிற்று. கம்பெனி மறுத்தது. சட்டம், ஒழுங்கு என்று மற்ற நேரத்தில் மணியடிக்கிறவர்கள் தங்கள் தலைக்குச் சட்டம் வந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நவம்பர் 1 காலையில் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனி என்ன செய்திருக்க வேண்டும்? பேசியிருக்க வேண்டும், இல்லையேல் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. "வண்டி ஓடுகிறது, வேலைநிறுத்தம் பிசுபிசுத்தது" என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அதுதான் அதன் கவலை. கையில் கிடைத்தவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றியது. டிரைவர்களுக்கு வேலை நேரம் பிரித்துக் கொடுக்கும் ஓர் இளம் ஊழியரைப் பிடித்து, பிரைட்டன் பீச் போகும் வண்டியின் கைப்பிடியில் நிறுத்தியது. அவர் அந்த லைனில் பயணிகள் வண்டி ஓட்டியவரல்ல. விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவரும் அந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்தான்.

மாலை நேரம். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம். மரத்தால் செய்த ஐந்து பெட்டிகள். வண்டி மன்ஹாட்டனிலிருந்து புறப்பட்டு, புரூக்ளினில் ஓர் இறக்கத்தில் இறங்கியது. இறக்கத்தின் அடியில் மால்போன் தெரு. அங்கே ஒரு கடும் வளைவு. வளைந்தவுடன் சுரங்க வாய். அந்த வளைவுத் தண்டவாளம் பழையதல்ல. புதிய பாதைகளோடு இணைப்பதற்காகச் சில வாரங்களுக்கு முன்தான் அதைத் திறந்திருந்தார்கள். அதில் மணிக்கு 6 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வண்டியோ 30 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வந்தது. மீறி வரும் வண்டியைத் தானாகப் பிடித்து நிறுத்தும் கருவி அவ்விடத்தில் இல்லை.

பெட்டிகள் தடம் புரண்டு சுரங்கச் சுவரில் மோதின. மரப்பெட்டிகள் தீப்பெட்டிகளைப் போல் நொறுங்கின. 93 பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

தோழர்களே! அன்று காலை வேலைநிறுத்தம் செய்த டிரைவர்களுக்கு அந்த வளைவு தெரியும். இறக்கத்தில் எந்த இடத்தில் பிரேக்கைத் தொடவேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். புதிதாகப் போட்ட தண்டவாளம் சக்கரத்தை எப்படி இழுக்கும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். தண்டவாளத்தின் உண்மையான படம் அவர்கள் தலையில் இருந்தது. அந்தப் படத்தைத்தான் கம்பெனி வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

கைப்பிடியில் நின்ற அந்த இளைஞர்மீது பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்த்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வேலைநிறுத்தத்தை உடைக்கப் போனது தவறு. அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. கருங்காலி வேலை கருங்காலி வேலைதான். ஆனால் ஆள் கிடைத்தால் போதும், பாதை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டது யார்? ஒரு சங்கத்தை நசுக்க நூற்றுக்கணக்கான உயிர்களைப் பணயம் வைத்தது யார்? அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்கள்.

வழக்கு நடந்தது. அதிகாரிகள் கூண்டில் ஏறினார்கள்; இறங்கினார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கம்பெனி திவாலாகி, 1923-ல் பி.எம்.டி. என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. மால்போன் தெருவுக்கும் எம்பயர் பொலிவார்டு என்று பெயரை மாற்றினார்கள். வர்ணப் படத்தில் இந்தக் கதை இல்லை. தண்டவாளப் படத்தைப் பாருங்கள்: அந்த வளைவு இன்றும் இருக்கிறது!

பிடுங்கிய தண்டவாளம்

தண்டவாளப் படம் இருப்பதை மட்டும் காட்டுவதில்லை, இல்லாததையும் காட்டும்.

மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைகளும் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போய்வர இரண்டாம் அவென்யூவிலும் மூன்றாம் அவென்யூவிலும் தூண்களின் மேல் ரயில்கள் ஓடின. அவை சத்தம் போட்டன, தெருவை இருட்டாக்கின என்பது உண்மை. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று செய்தன: நில முதலாளிகளின் மனைவிலை ஏறவிடாமல் தடுத்தன. இரண்டாம் அவென்யூ ரயிலை 1940-லும் 1942-லும் மூடினார்கள். மூன்றாம் அவென்யூ ரயில் மன்ஹாட்டனில் 1955-ல் நின்றது. "கவலை வேண்டாம், பூமிக்கு அடியில் புதுப் பாதை வருகிறது" என்று வாக்களித்தார்கள். அந்தத் திட்டம் 1929-லேயே காகிதத்தில் ஏறியது. 1951-ல் அதற்கென்று சொல்லி 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்களிடம் வாக்கும் வாங்கினார்கள். பணம் வேறு வேலைகளுக்குப் போயிற்று. 1972-ல் தோண்டத் தொடங்கி, 1975-ல் பணமில்லை என்று நிறுத்தினார்கள்.

முடிவில் அந்தப் பாதையின் முதல் துண்டு 2017 ஜனவரி 1 அன்று திறந்தது. புதிதாக மூன்று நிலையங்கள்! செலவு ஏறத்தாழ 450 கோடி டாலர். மூன்றாம் அவென்யூ ரயில் போன நாளிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிழக்குப் பகுதி மக்கள் லெக்ஸிங்டன் அவென்யூ என்ற ஒரே லைனில் நசுங்கினார்கள்.

இருந்ததைப் பிடுங்குவதற்கு நாள் பார்க்கவில்லை. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்க நல்ல நாள் வரவேயில்லை. சோற்றைப் பிடுங்கிக்கொண்டு இலையைக் காட்டுவது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம்.

"ரகசியம்" என்ற திரை

இவ்வளவு சொல்லும் படத்தை ஏன் மக்கள் முன் வைப்பதில்லை? "பயணிக்கு எதற்கு அது? ஏறத் தெரிந்தால் போதும், இறங்கத் தெரிந்தால் போதும்" என்பார்கள் சிலர். "பாதுகாப்பு" என்று கிசுகிசுப்பார்கள் வேறு சிலர். 2004-ல் நியூயார்க் போக்குவரத்து நிர்வாகம் பாதாள ரயிலில் போட்டோ எடுப்பதையே தடைசெய்ய முற்பட்டது. மக்கள் எதிர்த்தார்கள், 2005-ல் அந்த யோசனையைச் சுருட்டி வைத்தது.

ரயில்மீது பற்றுக்கொண்ட சாதாரண மனிதர்கள் இதற்கு அழகாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். வண்டியின் முன் கண்ணாடி வழியே பார்த்து, ஒவ்வொரு பாதைமாற்றத்தையும் குறித்துக்கொண்டு, தாங்களே தண்டவாளப் படம் வரைந்து புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். பொதுப்பணத்தில் போட்ட தண்டவாளம் பொதுமக்கள் கண்ணுக்குத் தப்ப முடியாது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசட்டும், நாம் வரவேற்கிறோம். ஆனால் யாருடைய பாதுகாப்பு? 2007 ஏப்ரலில், ஒரே வாரத்துக்குள், தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் வண்டி மோதி இறந்தார்கள். பாதையில் நிற்கிறவனுக்கு எந்தத் தண்டவாளத்தில் எப்போது வண்டி வரும் என்பது உயிர்ப் பிரச்னை. அவன் கையில் சரியான படமும், அவன் சொன்னால் வண்டியை நிறுத்தும் அதிகாரமும் இருப்பதே பாதுகாப்பு. படத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு ஆளை இருட்டில் அனுப்புவது பாதுகாப்பல்ல.

தொழிலாளி கை கட்டினால்

1918-ல் தொழிலாளர்களின் சங்கம் பலவீனமாக இருந்தது. ஆகவே கம்பெனியால் கருங்காலிகளை வைத்து வண்டி ஓட்ட முடிந்தது. பிறகு நிலைமை மாறியது. 1934-ல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். 1937 ஜனவரியில், சங்க வேலை செய்தவர்களை பி.எம்.டி. வேலைநீக்கம் செய்தபோது, புரூக்ளினில் கென்ட் அவென்யூ மின்சார நிலையத் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மின்சாரம் நின்றால் வண்டி நிற்கும் என்பது கம்பெனிக்குத் தெரியும். விரட்டியவர்களைத் திரும்ப அழைத்தது.

1966 ஜனவரி 1 அன்று பாதாள ரயிலும் பஸ்ஸும் நின்றன. வேலைநிறுத்தம் கூடாது என்று சட்டம் இருந்தது. கோர்ட்டு தடை போட்டது. சங்கத் தலைவர் மைக் குவில் சிறைக்குப் போனார். பன்னிரண்டு நாள் அந்த மாநகரம் தவித்தது. இம்முறை கைப்பிடியில் நிறுத்த யாரையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. முதலாளிகளிடம் பெட்டி இருந்தது, சுரங்கம் இருந்தது, வர்ணப் படமும் கட்டுக்கட்டாக இருந்தது. ஓட்டத் தெரிந்த மனிதர்கள்தான் அவர்கள் பக்கம் இல்லை. தொழிலாளர்கள் ஊதிய உயர்வோடு வேலைக்குத் திரும்பினார்கள். குவில் அந்த மாத முடிவுக்குள் காலமானார்.

நமது கருத்து இதுதான்:

தண்டவாளப் படம் மக்கள் சொத்து; அதை மக்கள் முன் வைக்க வேண்டும். எந்தப் பாதையைப் போடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் மேஜையில் அந்தப் பாதையில் உழைப்பவர்களுக்கும் பயணம் செய்பவர்களுக்கும் இடம் வேண்டும். பாதை அறியாத ஒருவரை ஒரு நாளும், ஒரு மணி நேரமும் வண்டியில் ஏற்றக் கூடாது. தண்டவாளத்தில் நிற்கும் தொழிலாளி "அபாயம், நிறுத்து" என்றால், மேலதிகாரியைக் கேட்காமலே வண்டி நிற்க வேண்டும்.

இது நியூயார்க்குக்கு மட்டும் சொன்னதல்ல. "நீ போனால் இன்னொருவன், அவன் போனால் ஒரு மெஷின்" என்று நம்மைப் பார்த்துச் சொல்லாத ஆலை முதலாளி உண்டா? சொல்லாத மிராசுதார் உண்டா? அடுத்த முறை அவர்கள் அப்படிச் சொன்னால் மால்போன் வளைவைச் சுட்டிக்காட்டுங்கள். மெஷினின் மூச்சு தெரிந்தவர்களும், மண்ணின் ஈரம் தெரிந்தவர்களும், தண்டவாளத்தின் வளைவு தெரிந்தவர்களும் ஒரே வர்க்கம். அந்த அறிவு தனித்தனித் தலைகளில் கிடக்கும்வரை முதலாளி அதைத் துச்சமாக மதிப்பான். சங்கமாக ஒன்று சேர்ந்தால் அதன் விலையை 1966-ல் நியூயார்க் அறிந்ததுபோல் அவனும் அறிவான்.